சட்டத்துணையும் உளவளத்துணையும்

விழாமலருக்கு எழுதப் புகுவோர் வாழ்த்தொடு தொடங்கி வாழ்த்தொடு முடித்தல் மரபு. கல்லூரியின் வளர்ச்சியையும், அதிபர்களின் தொண்டினையும், பழைய மாணவரின் புகழையும் எடுத்துரைக்கும் பக்கங்கள் இம்மலரிலே வேண்டிய அளவு உள. அவற்றை நாமும் மகிழ்ச்சியோடு படிப்போம். ஆயினும், தமிழாசிரியராகிய நாம் ஆண்டுதோறும் செய்துவரும் பணிகளுள் ஒன்று, வகுப்பு இடாப்பிலே மாணவர் பெயரை எழுதுதல். ஒருவன் பெயரை எழுதுதல் மிக எளிய காரியம் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தோம். அஃது அத்துணை எளிதன்று என்பதனை எமக்குக் கற்பித்தோர் எம் மாணவர் இருவர். அவர்கள் கற்பித்த பாடத்தையே பழைய மாணவர் முன்னும், இன்று பயிலும் மாணவர் முன்னும், உடனாசிரியர் முன்னும் வைக்க விழைகின்றோம்.

முன்னவன் அமைதியான பிள்ளை. உயர்தரப் பரீட்சையிலே நல்ல பெறுபேறு பெற்றுப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானான். அவன் பெயர் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு விதமாகவும், பரீட்சைச் சான்றிதழில் வேறு விதமாகவும் இருந்தது. தந்தையின் பெயரோ இரண்டிலும் முற்றும் வேறு. “திருத்திக்கொண்டு வாரும்” என்று ஓர் அலுவலகத்திலே கூறி அனுப்பிவிட்டனர். எங்கே திருத்துவது, யாரைக் கேட்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. எம்மிடமும் வந்திலன். பதிவு செய்யவேண்டிய நாள் கடந்தது. பல மாதங்களின் பின் அவன் கொழும்பிலே ஒரு புடைவைக் கடையில் நிற்பதாகக் கேள்வியுற்றோம். தைப்பொங்கலுக்கு ஊர் வந்தபோது, “எம்மிடம் ஏன் கூறவில்லை?” என்று கேட்டோம். “அப்பாவுடைய பெயரே பிழை என்று சொல்லிவிட்டார்கள் சேர். அதை எப்படி வந்து சொல்வது?” என்றான். அதற்குமேல் நாமும் கேட்டிலோம், அவனும் கூறிலன்.

பின்னவன் மஹய்யாவவிலே பாட்டியோடு வாழ்ந்தவன். அவனுக்கும் ஏறத்தாழ அதே இடர்தான் நேர்ந்தது. ஆனால் அவனுடைய பாட்டி ஒரு பழைய பிஸ்கத்துத் தகரத்தைச் சேலைத் தலைப்பிலே பொதிந்துகொண்டு நேரே கல்லூரிக்கு வந்துவிட்டார். “இதுல எது வேணுமோ பாத்து எடுத்துக்கங்க ஐயா, எனக்கு எழுத்துத் தெரியாது” என்று மேசைமேல் வைத்தார். உள்ளே அறுபது எழுபது ஆண்டுக் கடதாசிகள் இருந்தன. தோட்டத்துத் துண்டுகள், ஊசி போட்ட அட்டைகள், அவருடைய கணவர் இலங்கைப் பிரஜையாகப் பதிவு பெற்ற சான்றிதழ் ஆகிய யாவும் மடிப்புக் குலையாமல் இருந்தன. நமது பழைய மாணவராகிய சட்டத்தரணி ஒருவரையும், பிரதேச செயலகத்திலே பணியாற்றி இளைப்பாறிய மற்றொருவரையும் நாடினோம். அவர்கள் ஒரு சதமும் பெறாது உழைத்தனர். ஒன்பதாம் நாள் சத்தியக் கடதாசி ஆயிற்று. பிள்ளை பல்கலைக்கழகத்திலே பதிவு பெற்றான். பிறப்புப் பதிவின் திருத்தம் சில மாதங்களிலே நிறைவேறியது.

இங்கே கதை முடிந்ததென்று நாம் மகிழ்ந்தோம். முடியவில்லை. முதலாண்டின் நடுவிலே ஒரு போயா விடுமுறைக்கு வந்தவன், “இனிப் போகமாட்டேன்” என்றான். கேட்டுக் கேட்டு அறிந்தது இதுவே. விடுதியிலே “எந்த ஊர்? வீடு எங்கே? அப்பா என்ன செய்கிறார்?” என்று நண்பர் இயல்பாகக் கேட்டிருக்கின்றனர். அவன் லயத்தையும், மாநகரசபையில் நகரைத் துப்புரவு செய்யும் தொழிலையும் மறைத்து ஒரு பொய் கூறியிருக்கின்றான். அப்பொய்யைக் காக்க வேறு பொய்கள். யாரோ ஒருவன் விளையாட்டாகச் சொன்ன ஒரு பழைய வசைச்சொல் அவனைத் துளைத்துவிட்டது. கடதாசியைத் திருத்திக் கொடுத்த நாம் அவன் மனத்தை ஒரு நாளும் விசாரித்திலோம். இஃது எம் பிழை. இதனை இம்மலரிலே ஒப்புக்கொள்வதில் எமக்கு வெட்கமில்லை. ஒப்புக்கொள்ளாமல் விடுவதே வெட்கம். பின்னர், அப்பல்கலைக்கழகத்திலே இறுதியாண்டிற் பயின்ற நம் கல்லூரி மாணவர் ஒருவர் வாரந்தோறும் அவனோடு பேசினார். பயிற்சி பெற்ற உளவளத்துணையாளர் ஒருவரிடமும் அழைத்துச் சென்றார். அவன் திரும்பிப் போனான். இன்றும் பயில்கின்றான்.

இவ்விருவருக்கும் இடையே அறிவிலே வேற்றுமையில்லை, உழைப்பிலும் வேற்றுமையில்லை. ஒருவனுக்கு அறிமுகம் இருந்தது, மற்றவனுக்கு இல்லை. ஒருவனுடைய பாட்டி துணிந்து வந்தார். மற்றவன் நாணி நின்றான். உரிமை என்பது அறிமுகத்தைப் பொறுத்ததாயின் அஃது உரிமையன்று, வெறும் தயவே. தயவு கிடைக்கும் நாளும் உண்டு, கிடைக்காத நாளும் உண்டு. ஆதலின், குடியேறிய மக்களின் வழித்தோன்றலாகக் கல்விச்சாலைக்கு வரும் ஒவ்வொரு மாணவனுக்கும் சட்டத்துணையும் உளவளத்துணையும் ஒழுங்காகக் கிடைக்கும் ஏற்பாட்டினைக் கல்லூரியும் பல்கலைக்கழகமும் செய்தல் வேண்டும் என்பதே எம் கருத்து.

இவ்விடர் எவ்வாறு தோன்றியது என்பதனை இளமாணவர் அறிதல் நன்று. கோப்பிப் பயிர் தொடங்கிய காலத்திலே தமிழகத்திலிருந்து வந்தோர் தலைமன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து மாத்தளையை அடைந்தனர். அந்நடை தொடங்கி 200 ஆண்டு நிறைந்ததன் நினைவாக 2023 ஆம் ஆண்டிலே மலையக மக்கள் பலர் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மீண்டும் நடந்தனர். அன்று வந்தோருள் தோட்டங்களுக்குச் சென்றோர் பலர். நகரங்களிலே வீதியமைக்கவும், நகரைத் துப்புரவு செய்யவும் அமர்த்தப்பட்டோர் சிலர். கண்டி மாநகரின் வடபுறத்தே, மாத்தளைப் புகையிரதம் சுரங்கத்தினூடே செல்லும் மஹய்யாவவிலே வாழும் தொழிலாளர் பலர் அவ்வாறு அமர்த்தப்பட்டோரின் வழியினர். நகரம் விழிக்குமுன் விழித்து அதனைத் தூய்மை செய்தோர் அவர்கள். அந்நகரம் தம்மை உரியோராக ஏற்றுக்கொள்ளப் பல தலைமுறை காத்திருந்தோரும் அவர்களே.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15 ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. இலங்கையிற் பிறந்தேன் என்று ஒருவன் கூறுதல் மட்டும் அதன்படி போதாது. தன் தந்தையும் இங்கே பிறந்தவர் என்று காட்டவேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர் என்று காட்டவேண்டும். லயத்து அறையிலே மருத்துவிச்சியின் கையிற் பிறந்த பாட்டனுக்குப் பத்திரம் எங்கே கிடைக்கும்? அடுத்த ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வாசிகள் பிரஜாவுரிமைச் சட்டம் ஒரு வழியைத் திறந்தது. ஆனால் அவ்வழியும் ஒடுக்கமானதே. 1946 ஜனவரி 1 ஆந் திகதிக்கு முன், மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்ததாகக் காட்டல் வேண்டும். ஊருக்குச் சென்று ஓராண்டுக்கு மேல் தங்கியவருக்கு அத்தொடர்ச்சி அறுந்தது. 1951 ஓகஸ்டில் முடிந்த காலவெல்லைக்குள் ஏறத்தாழ 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. அவர்களுட் பிரஜாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. அம்மக்கள் வாளாவிருந்தாரல்லர். வாக்காளர் இடாப்பிலிருந்து பெயர் நீக்கப்பட்டமையை எதிர்த்துக் கோடாக்கன்பிள்ளை என்பார் தொடுத்த வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்று 1953 இலே தோல்வியுற்றது. 1952 இலே இலங்கை இந்தியன் காங்கிரஸ் கொழும்பிலே பல மாதம் சத்தியாக்கிரகம் நடத்தியது.

பின்னர், 1964 ஒக்டோபர் 30 ஆந் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். 9,75,000 மக்களிலே 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்றும் தீர்மானித்தனர். 1974 ஆம் ஆண்டிலே அவ்வெச்சமும் இரு கூறாகப் பங்கிடப்பட்டது. எண்கள் ஏட்டிலே சரியாகக் கூடின. குடும்பங்களோ கூடவில்லை, பிரிந்தன. அண்ணன் அக்கரையிலும் தம்பி இக்கரையிலும் ஆயினர். தலைமன்னாருக்குச் சென்ற வண்டியை ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று மக்கள் பெயரிட்டு அழைத்தது சும்மாவன்று. 1986, 1988 ஆம் ஆண்டுகளின் சட்டங்களும், இறுதியாக 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமும் நாடற்றோர் என்ற நிலையைப் படிப்படியாக நீக்கின. 1964 ஒக்டோபர் 30 முதல் இந்நாட்டில் நிலையாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினரும் அவர்தம் வழித்தோன்றல்களும் பிரஜைகள் என்று 2003 ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றது. கலவரங்களால் இந்தியாவுக்குச் செல்ல நேர்ந்தோருக்கும் அந்நன்மை கிட்டும்படி 2009 இலே திருத்தம் செய்யப்பட்டது.

“சட்டம் தீர்ந்துவிட்டதே, இனி உதவி எதற்கு?” என்று வினவுவோர் உளர். நேர்மையான வினாவே, அதற்கு விடையும் நேர்மையாகக் கூறுவாம். நாடற்ற நிலை தீர்ந்தது. அந்நிலை விட்டுச் சென்ற குழப்பம் தீரவில்லை. தோட்டத்திலே பிறந்த குழந்தையின் பெயரை ஒருவர் வாயாற் கூற, மற்றொருவர் தமக்குத் தெரிந்த மொழியிலே எழுதினார். குடும்பப் பெயர் வழங்காத நம் வழக்கம் படிவத்தின் கட்டங்களுக்குள் அடங்கவில்லை. ஆதலின், தந்தையின் பெயர் பிள்ளையின் பெயராயிற்று. வீட்டிலே அழைத்த செல்லப்பெயர் பத்திரப் பெயராயிற்று. கோயிலிலே தாலி கட்டிய மணத்தைப் பதியாதோர் பலர். அவர்தம் பிள்ளைகளின் பத்திரத்திலே தந்தையின் பகுதி வெறுமையாகவே இருப்பதுண்டு. 1977 இலும் 1983 இலும் இருப்பிடத்தை விட்டு ஓடியோர் குழந்தையைத் தூக்கினார்களே அன்றிப் பெட்டியைத் தூக்கவில்லை. பிரஜாவுரிமை உண்டு என்று சட்டம் கூறினாலும், அதனைக் காட்டும் பத்திரம் இல்லாதவன் ஒவ்வொரு முகப்பிலும் புதிதாக வாதாடவேண்டியவனாகின்றான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். சட்டப் புத்தகத்தில் உள்ள உரிமையும் எடுத்துப் பயன்படுத்துவாரின்றேல் அத்தகையதே.

இன்னும் ஒரு வகுப்பார் உளர். தமிழகத்து முகாம்களிலே பிறந்து, பெற்றோருடன் தாயகம் திரும்பிய பிள்ளைகள் அவர்கள். வெளிநாட்டிற் பிறந்த பிள்ளைக்கு வம்சாவளிப் பிரஜாவுரிமை வேண்டின் அப்பிறப்பு இலங்கையதிகாரியிடம் பதியப்படல் வேண்டும். முன்னர்த் தந்தை வழியாலேயே வந்த அவ்வுரிமை, 2003 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தாலே தாய் வழியாலும் வரலாயிற்று. இதனை அறியாத தாயார் எத்தனை பேர்! அறிந்தவர் கூறினால் ஒரு நாளில் விளங்கும் காரியம், அறியாதவர்க்கு ஆயுட்காலத் துன்பமாகின்றது.

அக்கரையிலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மண்டபம் முகாமிலே 1986 ஆம் ஆண்டில் ஒரு பெண் பிறந்தார். 1987 யூலை 1 ஆந் திகதிக்கு முன் இந்திய மண்ணிற் பிறந்தோர் பிறப்பினாலேயே இந்தியப் பிரஜைகள் என்பது அந்நாட்டுச் சட்டம். ஆயினும் அவர் அகதி என்றே வளர்ந்தார். கடவுச்சீட்டுக் கேட்டபோது மறுக்கப்பட்டது. மதுரை உயர்நீதிமன்றக் கிளைக்குச் சென்றார். 2022 இலே நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2024 ஆம் ஆண்டுத் தேர்தலிலே அவர் முதன்முறையாக வாக்களித்தார். முப்பத்தைந்து ஆண்டுக்கு மேலாக அவ்வுரிமை உறங்கிக் கிடந்தது. எழுப்பியது புதிய சட்டமன்று; பழைய சட்டத்தை எடுத்துக்காட்டிய துணையே. ஈழத்து அகதிகளுக்காக 1984 இலே சா. செ. சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகமும் இவ்விரு துணைகளையும் உணர்ந்தே பணிபுரிந்தது. முகாமிலே கல்வி நடத்தியதோடு நில்லாது, மனம் சோர்ந்தோர்க்கு உளவளத்துணையும், பத்திரமற்றோர்க்குப் பத்திரம் பெறும் உதவியும் அளித்தது.

மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்கள் இதனைத் தம் கடமைகளுள் ஒன்றாக ஏற்றுவிட்டன. நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகம் 1997 முதல் குடியேறியோர்க்குப் பிரஜாவுரிமை பற்றிய இலவச சட்ட உதவியை அளித்து வருகின்றது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகமோ, டேவிஸ் நகரிலுள்ள தன் சட்டபீடத்தை நிலைக்களமாகக் கொண்டு, குடிவரவுச் சட்ட நிலையம் ஒன்றை அமைத்து, சட்டபீடம் இல்லாத தன் ஏனைய வளாகங்களின் மாணவர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் துணைபுரிகின்றது. செல்வநாட்டுச் செயல் என்று நாம் இதனைத் தள்ளிவிட வேண்டியதில்லை. அங்கே கண்ட உண்மை எளியது. குடியுரிமைக் கவலையோடு வகுப்பிலிருக்கும் மாணவனுடைய செவியிலே விரிவுரை நுழையாது. இது கண்டிக்கும் பொருந்தும்.

நம் நாட்டில் இத்தகைய துணைகள் அறவே இல்லை என்று கூறோம். 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு வறியோர்க்காக உள்ளது. பல்கலைக்கழகந்தோறும் மாணவ ஆலோசகர் உளர். பாடசாலைகளிலும் உளவளத்துணைக்கென ஆசிரியர் நியமனம் பெறுகின்றனர். ஆனால் சட்டத்துணை ஒரு தெருவிலும் உளவளத்துணை மறு தெருவிலும் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையே நிற்கும் மாணவனுக்கு இரண்டின் வாயிலும் தெரியவில்லை. ஆலோசகராயிருக்கும் விரிவுரையாளரோ கற்பித்தற் சுமையின் மேலே இச்சுமையையும் தாங்குகின்றார். மலையகத்திலிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழகம் புகும் பிள்ளைக்கு வீட்டிலே இதுபற்றிக் கூறுவார் இல்லை. தாய் தந்தையர் அவ்வாயிலைக் கண்டவரல்லர். பேராதனை வளாகத்துக் குன்றின்மேல் உள்ள குறிஞ்சிக் குமரன் ஆலயத்திலே வெள்ளிதோறும் யாழ்ப்பாணத்துப் பிள்ளையும், மட்டக்களப்புப் பிள்ளையும், மலையகப் பிள்ளையும் ஒருங்கே நின்று வணங்குவதைக் கண்டு நாம் மகிழ்வோம். ஆனால் வணங்கி முடிந்து மலையிறங்கும்போது, தன் ஊர்ப்பெயரைச் சொல்லத் தயங்கும் பிள்ளை அக்கூட்டத்திலே ஒருவன் இருப்பானாயின், நம் மகிழ்ச்சி முழுமையானதன்று.

சட்டமும் உள்ளமும் பிரியாதவை என்பது நமக்குப் புதிய செய்தியன்று. 1920களிலே ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ முதலிய பத்திரிகைகளை நடத்திய கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளர்க்கு அவர்தம் உரிமைகளை எடுத்துரைத்தார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மையோ கூட்டந்தோறும் பாட்டிசைத்து மக்களின் அச்சத்தைப் போக்கினார். ஒருவர் அறிவுக்கு உணவளித்தார்; மற்றவர் நெஞ்சுக்கு உரமளித்தார். உரிமை இன்னது என்று அறிந்தும் அஞ்சி நிற்பவன் அதனைக் கேட்கமாட்டான். அச்சம் நீங்கியும் உரிமை அறியாதவன் வீணே பூசலிட்டு ஓய்வான். இரண்டும் ஒருங்கே வேண்டும்.

இனி, செய்யத்தக்கது யாது என்பதனை வெளிப்படையாகக் கூறுவாம்.

முதலாவது, ஒன்பதாம் வகுப்பிலேயே ஒவ்வொரு மாணவனுடைய பத்திரங்களையும் வகுப்பாசிரியர் பார்வையிடல் வேண்டும். 15 வயது நிறைந்தோர் தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டுமாதலின், அதற்குமுன் பிழை வெளிப்படுதல் நன்று. பிறப்பே பதியப்படாதவர்க்குக் காலங்கடந்த பதிவு உண்டு. அதற்கும் வழியில்லாதவர்க்கு உத்தேச வயதுச் சான்றிதழ் உண்டு. பெயர்ப் பிழைக்குத் திருத்தம் உண்டு. இவையாவும் மாதக்கணக்கில் நடைபெறுவன. பல்கலைக்கழகப் பதிவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது தொடங்கத்தக்கன அல்ல. கிணறு வெட்டுதற்குத் தாகம் வரும்வரை காத்திருத்தல் அறிவுடைமையாகாது.

இரண்டாவது, பழைய மாணவர் சங்கம் மாதந்தோறும் ஒரு சனிக்கிழமை கல்லூரியிலே ஒரு மேசை இடல் வேண்டும். ஒரு சட்டத்தரணி, பதிவு அலுவல்களை அறிந்த இளைப்பாறிய உத்தியோகத்தர் ஒருவர், சமாதான நீதவான் ஒருவர் ஆகிய மூவர் போதும். இம்மூவகையாரும் நம் பழைய மாணவருள் இருக்கின்றனர். அன்று வருவோர் இன்று பயிலும் மாணவராகவும் இருக்கலாம்; பல்கலைக்கழகத்திலிருந்து விடுமுறைக்கு வந்தவராகவும் இருக்கலாம்; அவர்தம் பாட்டியாராகவும் இருக்கலாம். மேசையிலே தீராதவை சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு அனுப்பப்படல் வேண்டும். இம்மேசை இல்லாத இடத்தைத் தரகர் நிரப்புவர். அவர்கள் கூலி பெறுவதோடு பொய்ப் பத்திரமும் செய்துகொடுப்பர். பொய்ப் பத்திரத்தால் வரும் கேடு பத்திரமின்மையால் வரும் கேட்டினும் பெரிது.

மூன்றாவது, அம்மேசைக்கு அடுத்த அறையிலே உளவளத்துணை ஆசிரியர் இருத்தல் வேண்டும். பத்திரம் கேட்டு வந்தவனைத் தனியே இருத்தி, “உண்டாயா? உறங்கினாயா? யாரோடு பேசுகின்றாய்?” என்று கேட்டல் வேண்டும். இக்கேள்விகள் எளியவை. ஆனால் எம் முதல் மாணவனிடம் இவற்றைக் கேட்டார் இலர். அவ்வறையிலே கேட்டது அவ்வறையிலேயே தங்குதல் இதன் உயிர்நிலை. ஆசிரியர் ஓய்வறையிலே ஒருவன் குடும்பக்கதை ஒருமுறை வெளிப்பட்டால், அடுத்த பிள்ளை அவ்வறையின் படியேறமாட்டான்.

நான்காவது, நம் கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகம் சென்ற மூத்த மாணவர், புதிதாகச் செல்லும் ஒவ்வொருவனுக்கும் முதலாண்டு முழுவதும் துணையாதல் வேண்டும். இதற்குப் பணம் வேண்டாம். வாரத்தில் ஒரு மாலைப்பொழுது போதும்.

இதற்கும் தடை கூறுவார் உளர். “கல்லூரி கற்பிக்கும் இடமா, விண்ணப்பம் எழுதும் கடையா?” என்பர். கற்பிக்கும் இடமே. ஆனால் பதின்மூன்று ஆண்டு கற்பித்து, ஒரு பத்திரத்தின் பொருட்டு அக்கல்வி வாயிலிலே நின்றுவிடக் கண்டும் வாளாவிருப்போமாயின், நாம் கற்பித்தது யாருக்காக? உழுது விதைத்தவன் அறுவடை நாளில் வேலி பிரிந்திருப்பதைக் கண்டும், “வேலி கட்டுதல் என் தொழிலன்று” என்று கூறுவானோ? “அலுவலகங்கள் செய்யவேண்டியதை நாம் செய்தல் முறையோ?” என்பார் பிறர். அலுவலகங்கள் செய்யவேண்டியதை அவையே செய்தல் வேண்டும். அதனை நாம் வற்புறுத்தவும் வேண்டும். ஆனால் அவை திருந்தும்வரை பிள்ளையின் வயது நிற்காது. பதிவு நாளும் நிற்காது.

வேறு சிலர், “எம் காலத்திலே உளவளத்துணையா இருந்தது? பட்டினியும் கிடந்தோம், ஏச்சும் கேட்டோம், படித்து முன்னேறவில்லையா? இக்காலத்துப் பிள்ளைகளைக் கோழைகளாக்காதீர்” என்பர். அவர்களிடம் எமக்கு மதிப்பு உண்டு. நாமும் அவ்வாறு எண்ணியிருந்தவரே. ஆனால் முன்னேறியவர் இன்று விழாவுக்கு வந்து பேசுகின்றனர். இடையிலே வீழ்ந்தவர் வருவதில்லை. வந்தவரை மட்டும் எண்ணி, “யாவரும் கரையேறினர்” என்று கணக்கிடுதல் பிழையான கணக்கு. துணை கேட்டு வருதல் கோழைமையன்று. பிஸ்கத்துத் தகரத்தைச் சுமந்து வந்த அம்மூதாட்டியினும் துணிவுடையார் ஒருவரை நாம் கண்டிலோம்.

மாணவர்காள்! உங்களுக்கும் ஒரு சொல். உங்கள் பெயர் பத்திரத்திலே பிழையாக இருப்பது உங்கள் குற்றமன்று. உங்கள் தாய் தந்தையரின் குற்றமுமன்று. இருநூறு ஆண்டு வரலாற்றின் குழப்பம் ஒரு துண்டுக் கடதாசியிலே வந்து படிந்திருக்கின்றது, அவ்வளவே. அதனை மறைக்க வேண்டா. வகுப்பாசிரியரிடம் கூறுங்கள். நண்பன் ஒருவன் தன் முகவரியைக் கூறத் தயங்கினால் அவனைத் துருவிக் கேளாதீர்கள். அவன் பக்கத்தில் இருங்கள். விளையாட்டாகவும் அப்பழைய வசைச்சொல்லை நாவினாற் கூறாதீர்கள்.

பழைய மாணவர்காள்! விழாவின் நினைவாகக் கட்டடம் எழுப்புவீர், கேடயம் வழங்குவீர், யாவும் நன்றே. அவற்றோடு மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலையையும் தாருங்கள் என்று வேண்டுகின்றோம். கல்லூரி மண்டபத்து மூலையிலே ஒரு மேசையும் நான்கு கதிரைகளும் உள்ளன. அவற்றை அதிபர் தர இசைவார் என்பது எம் நம்பிக்கை. வாயிலிலே ஒரு மூதாட்டி வந்து தகரத்தை நீட்டும்போது அதனைத் திறந்து பார்க்க ஓர் ஆள் இருத்தல் வேண்டும். தகரத்தைக் கொண்டுவர நாணிப் பின்னே நிற்கும் பிள்ளையை அழைத்து இருத்தவும் ஓர் ஆள் இருத்தல் வேண்டும். அவ்விருவரையும் நம் கல்லூரி தருமாயின், புடைவைக் கடையில் நிற்கும் எம் மாணவனை அடுத்த தைப்பொங்கலிலே காணும்போது, “உன் தம்பிக்கு அவ்வாறு நேராது” என்றேனும் கூற எமக்கு நா எழும்.